குட்டி ரயில் மையத்தில் பார்வையாளர் எங்கே நிற்பார்?

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வாயைத் திறந்து வைத்திருந்தேன், உள்ளே போட்டுவிட்டார்கள்.

கடைவாய்ப் பல்லில் ஓட்டை. பல் டாக்டர் ஊசி போட்டு, பஞ்சைத் திணித்து, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டி, தன் இரண்டு விரல்களையும் உள்ளே விட்ட பிறகுதான் கேட்டார்: "உங்களுக்கு பொம்மை ரயில் பிடிக்குமா?" அந்த நிலையில் பிடிக்காது என்று சொல்ல எவனால் முடியும்? நான் "ஆ" என்றேன். அவர் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

"பொம்மைன்னு சொன்னது தப்பு," என்று தானே திருத்திக்கொண்டார். "குட்டி ரயில்னு சொல்லணும். யாராவது பொம்மைன்னு சொன்னா எனக்குக் கை நடுங்கும்." கை நடுங்கினால் நஷ்டம் யாருக்கு என்று யோசித்துப் பார்த்தேன். இனி இந்தக் கதையில் ஓரிடத்தில்கூட அந்தச் சொல் வராது. (மேலே வந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

பல்லைத் துளைத்து முடிப்பதற்குள் ஒரு கட்டடம் எழும்பி, ஒரு குடும்பம் உடைகிற நிலைக்கு வந்து, ஒரு பாலத்தின்மேல் ரம்பம் வைக்கப்பட்டது. அத்தோடு என் பல் வேலையும் அன்றைக்கு முடிந்துவிட்டது. ஓட்டையில் தற்காலிகமாக எதையோ அடைத்து, "வியாழக்கிழமை வாங்க, பல்லு மேல கேப் போட்டுடலாம். மிச்சக் கதைய அப்போ சொல்றேன்," என்றார். பிறகு, "நீங்க எழுத்தாளர்தானே? அதுக்குள்ள எழுதி எடுத்துட்டு வாங்களேன், பாப்போம்," என்று சேர்த்துக்கொண்டார்.

ஆக, முடிவு தெரியாத ஒரு கதையை, அதில் வரும் ஆளிடமே, அவர் கையில் துளைக்கும் கருவி இருக்கும்போது கொடுப்பதற்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைவிடக் கறாரான விமர்சகர் எனக்கு வாய்த்ததில்லை.

2

தொடக்கங்கள்.

முதல் முயற்சி: "இரும்புப் பாதையில் ஓடுவது ரயில் மட்டுமல்ல, மனித மனமும்தான். அது எந்த நிலையத்தில் நிற்கும் என்பதை—"

வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதைகளை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: "கிளினிக்குக்குப் பின்னாலிருந்த காலி மனையில் முதல் கடப்பாரை இறங்கியபோது, அந்த மண் மெல்ல—"

மண் மெல்ல ஒன்றும் செய்யாது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "சம்பந்தியம்மாவுக்கு ரயில் என்றாலே ஆகாது."

இது பரவாயில்லை. கோபமான ஒரு அம்மாள் உள்ளே வந்துவிட்டால் கதை தானாக நகரும். டாக்டர் சொன்ன கதையில் அவருக்கு 'அந்தம்மா' என்றுதான் பெயர். அந்தம்மா வரும் இடத்திலெல்லாம் துளைக்கும் வேகம் கூடியது. அதனாலேயே நான் அந்தம்மா பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். டாக்டர் பக்கம் பேசத்தான் டாக்டரே இருக்கிறாரே.

3

சம்பந்தியம்மாவுக்கு ரயில் என்றாலே ஆகாது.

அவர் கட்டட ஒப்பந்தக்காரர். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். ஊரில் பாதிப் பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், தன் ஒரே மகளுக்குக் கல்யாணமும் பண்ணிப் பார்த்துவிட்டார். இரண்டில் வீடுதான் சுலபம் என்பது அவர் கட்சி. வீட்டில் விரிசல் விட்டால் எங்கே விட்டது என்றாவது கண்ணுக்குத் தெரியும்.

மகளைக் கொடுத்தது பல் டாக்டரின் மகனுக்கு. மாப்பிள்ளை தங்கமானவர், தங்கத்தைப் போலவே பேசவும் மாட்டார். டாக்டர் வீட்டில் இரண்டு அறைகள். காற்றும் வெளிச்சமும் வருகிற பெரிய அறையில் ரயில் குடியிருந்தது. சின்ன அறையில் மகளும் மாப்பிள்ளையும். அங்கே அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் ஒருவர் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டும். டாக்டர் தனி ஆள், கூடத்தில் சோபாவில் படுத்துக்கொள்வார். தன்னைவிட ரயிலுக்கு நல்ல அறையைக் கொடுத்த மனிதரைச் சுயநலக்காரர் என்று திட்டவும் முடியவில்லை. சம்பந்தியம்மாவுக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு எரிச்சல் பயமாக மாறியது.

"தொட்டில எங்கம்மா போடறது? சுரங்கத்துக்குள்ளயா?" என்றாள் மகள். அவளுக்கு வாய்த்துடுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. "கொழந்த வரதுக்குள்ள அந்த ரூம் காலியாகணும். இல்லன்னா நாங்க கிளம்பிடுவோம். அவருக்கு வெளிநாட்டுல வேலை குடுத்துட்டு, எப்ப வரீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க."

"போனா எப்படி போவீங்க?"

"பிளேன்லதான். ரயில் அங்க வராது."

சம்பந்தியம்மா அன்றைக்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றால் அவருக்கு இருப்பது சிமெண்ட் கிடங்குக்கு மேலே ஒற்றை அறை. பச்சைக் குழந்தைக்கு ஆகாது. மகள் போய்விடுவாள், பேரனோ பேத்தியோ போனில் மட்டும் வளரும். அதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராக டாக்டரிடம் போனார்.

"சம்பந்தி, உங்க ரயில ஊர் பாக்க வேணாமா?"

டாக்டர் ஒரு நோயாளியின் வாயிலிருந்து நிமிர்ந்தார்.

"கிளினிக்குப் பின்னால மனை சும்மாதானே கெடக்கு? அழகா ஒரு ஹால் போடுவோம். வாசல்ல போர்டு. 'குட்டி ரயில் பார்வையாளர் மையம்'. பள்ளிக்கூடப் பசங்க வரிசையா வந்து பாப்பாங்க. இவ்வளவு பெரிய விஷயத்த ரூமுக்குள்ள பூட்டி வெச்சிருக்கறது நல்லாவா இருக்கு?"

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய ரயிலை யாரும் அதுவரை விஷயம் என்று சொன்னதில்லை. வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளியும் தலையாட்டினார். அவருக்கு வேறு வழியில்லை.

4

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் டாக்டர். "ஒரு துண்டு குறையக்கூடாது. மொத்தமும் போகணும்."

"மொத்தமும் போகட்டும் சம்பந்தி. அதுதான் எனக்கும் வேணும்."

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள், இருவருக்கும் வேறு வேறு காரணம்.

மனை குறுகலானது. ஒரு பக்கம் கிளினிக் சுவர், மறுபக்கம் அண்டை வீட்டுச் சுவர், பின்னால் சாக்கடை, முன்னால் தெரு. மேலே தகரக் கூரை. நீட்டவும் முடியாது, அகட்டவும் முடியாது, மாடி எழுப்பவும் முடியாது. சம்பந்தியம்மா வரைந்த படம் எளிமையானது. நடுவில் வளையமாக ஒரு பெரிய மேசை, அதன்மேல் ரயில் ஓடும். வளையத்துக்கு உள்ளே, ஓட்டுகிறவர்கள் நிற்க ஒரு குழி. மேசைக்கு அடியில் தவழ்ந்துதான் அதற்குள் போக முடியும், உலகம் முழுக்கக் குட்டி ரயில்காரர்கள் அப்படித்தான் தவழ்கிறார்களாம். வளையத்துக்கு வெளியே, மேசைக்கும் சுவருக்கும் நடுவில், பார்வையாளர்கள் சுற்றி வரும் பாதை. முதல் படத்தில் அந்தப் பாதையில் இரண்டு பேர் கைகோத்து நடக்கலாம்.

பிறகு மலை வந்தது.

"கட்டிலுக்கு அடியில ஒரு மலை இருக்கு சம்பந்தியம்மா. பிரிச்சு வெச்சிருக்கேன். சின்னதுதான்."

எந்தக் கட்டில்? மகளின் கட்டில். மலை போனால் அங்கே குழந்தையின் துணிப்பெட்டி வைக்கலாம். "வரட்டும்," என்றார் சம்பந்தியம்மா. மேசை ஒரு சாண் அகன்றது.

மலை வந்தால் சுரங்கம் வேண்டும் என்றார் விசில். டாக்டரின் கூட்டாளி இவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அந்தப் பெயர். "சுரங்கம் இருந்தா அந்தப் பக்கம் ஒரு ஊர் வேணும் டாக்டரே. ஊர் இல்லாம ரயில் எதுக்கு மலைய கொடையணும்?" கணக்கு சரிதானே. ஊர் அலமாரி மேலே இருந்தது. அலமாரி மேலே இடம் கிடைத்தால் குழந்தையின் போர்வைகளுக்கு ஆகும். வரட்டும். ஊருக்குச் சந்தை வேண்டும். சந்தைக்கு வரும் சரக்கு வண்டிகள் நிற்க யார்டு வேண்டும். யார்டு குளியலறைப் பரணில் கிடந்தது. வரட்டும், வரட்டும்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று தெரியாத ஆளா அவர்? எத்தனை வீட்டுக்காரர்களைப் பார்த்தவர்! "சன்னல இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமாம்மா" என்று இழுக்கிறவர்களை ஒரே முறைப்பில் நிறுத்தியவர். [எனக்கே இவர்மேல் இங்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு விவரமான பெண் இதைக் கவனிக்காமல் விடுவாரா? கதாபாத்திரம் ஒட்டவில்லையே என்று ஒருநாள் முழுக்க எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அவர் கண் கட்டடத்தில் இல்லை, மகள் வீட்டில் இருந்தது. அங்கே ஒவ்வொரு சாணாகக் கூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இங்கே ஒவ்வொரு சாணாகக் குறைவது எப்படித் தெரியும்?]

அப்படியும் ஒருநாள் ஒரு சந்தேகம் வந்து டேப்பை எடுத்தார். அந்த நேரம் பார்த்து டாக்டர் ஓடிவந்தார், கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டடம். கட்டப்போகும் மையத்தின் மாதிரி. குட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வைப்பதற்காகச் செய்தது. கூரையைத் தூக்கினால் உள்ளே மேசை, மேசைமேல் மயிரிழைத் தண்டவாளம், சுற்றிலும் கடுகளவு மனிதர்கள்.

"பாத்தீங்களா? அளவு துல்லியமா இருக்கும். எத்தனை பேர் சௌகரியமா நின்னு பாக்கறாங்க பாருங்க!"

நின்றுகொண்டுதான் இருந்தார்கள். சம்பந்தியம்மா டேப்பை உள்ளே இழுத்துக்கொண்டார்.

5

(இந்தப் பகுதியில் மாப்பிள்ளை பேசுவார். நல்ல வசனமாக யோசித்து வைத்திருக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.)

6

வெள்ளோட்டம்.

பூச்சு வாசனை இன்னும் போகவில்லை. வீட்டிலிருந்த பெரிய அறை காலியாகிவிட்டது, அன்று காலை மகளே பெருக்கிவிட்டு வந்திருந்தாள். இங்கே மேசை நிறைந்துவிட்டது. குழிக்குள் டாக்டரும் விசிலும் இரண்டு நாற்காலி, ஒரு டீ மேசை, ஒரு ஃபேனோடு சுகமாக இருந்தார்கள். சம்பந்தியம்மாவும் முட்டி வலிக்கத் தவழ்ந்து உள்ளே போய் நின்றார். விசில் ஊதப்பட்டது. ரயில் ஊரை விட்டுக் கிளம்பி, சந்தையைச் சுற்றி, சுரங்கத்தில் மறைந்து, மலைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவிலிருந்த பாலத்தில் ஏறியது. பாலம் டாக்டரின் செல்லம். பல்லுக்குக் கட்டும் கம்பியை இழை இழையாக வளைத்து, பற்றவைத்து, அவரே செய்தது. அந்த இடத்தில் மட்டும் கீழே மேசை கிடையாது. இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலம்தான் தொங்கியது.

உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தது. ரயில் என்றாலே ஆகாத சம்பந்தியம்மாகூட, "அட!" என்றார். அப்போது வாசல் கதவு பாதி திறந்து, மேசையில் இடித்து நின்றது.

"அம்மா?" என்றாள் மகள்.

"வாடி, வந்து பாரு! முதல் ஆளு நீதான்!"

மகள் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். கையை விட்டுப் பார்த்தாள். மூச்சை இழுத்தும் பார்த்தாள். அவளுக்கு அது ஏழாம் மாதம், மூச்சை இழுத்தால் உள்ளே போகிற வயிறா அது? கதவு நிலையில் நின்றபடியே கேட்டாள்:

"எல்லாம் சரி. பாக்க வர்றவங்க எங்க நிப்பாங்க?"

ரயில் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்தது. இத்தனை மாதம் படம் வரைந்து, அழித்து, திருப்பி வரைந்த மூன்று பேரில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. மேசைக்கும் சுவருக்கும் இடையில் ஒல்லியான ஒருவர் சுவரில் முதுகு உரச நகரலாம். பள்ளிக்கூடப் பசங்க வரிசை என்ன, ஒரு வாத்தியார்கூட நுழைய முடியாது. மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஊர்வலம் போன கதை.

7

"அதெப்படி நுழைய முடியாம போகும்?" என்றார் டாக்டர். "மாதிரியில எல்லாரும் நுழைஞ்சாங்களே!"

"அத எடுங்க," என்றார் சம்பந்தியம்மா.

டாக்டருக்கு முகம் மாறியது. அப்போதே விசிலுக்குப் புரிந்திருக்க வேண்டும், டீ மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். சம்பந்தியம்மா தானே அந்தத் தீப்பெட்டிக் கட்டடத்தைத் தூக்கி, கூரையைக் கழற்றி, டாக்டரின் நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியைப் பிடுங்கித் தன் கண்ணில் மாட்டிக்கொண்டார். முன்னாலிருந்து பார்த்தால் எல்லோரும் நல்ல ஆரோக்கியமான மனிதர்கள். அவர் பக்கவாட்டில் திருப்பினார்.

"சம்பந்தி, இவங்களுக்கெல்லாம் வயிறு எங்க?"

டாக்டர் கூரையைத் திரும்ப மூடக் கையை நீட்டினார்.

"முதுகும் காணோமே?"

"கொஞ்சம் தேய்ச்சு ராவினேன்," என்றார் டாக்டர்.

"எதால?"

"பல் ராவறதாலதான்."

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஆள் நுழையலன்னா மேசைய ராவணும் சம்பந்தி. ஆள ராவலாமா?"

"ஒண்ணு ரெண்டு பேர்தான் இடிச்சாங்க. அப்புறம் சந்தை வந்ததும் எல்லாரும் இடிச்சாங்க. மேசைய எப்படிம்மா ராவறது? மேசையில மலை இருக்கே!"

அவருக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனால் தெரிந்ததைத் தானே நம்பவில்லை. தன் கைக்குள் அடங்குகிறதை மட்டும் உலகம் என்று நம்பி வந்தவர் அவர்.

கதவு நிலையிலிருந்து மகள் கேட்டாள்: "மாமா, இதுல நான் எது?"

டாக்டர் ஒரு விரலால் காட்டினார். கட்டடத்துக்கு வெளியே, தெருவோரமாக, ஒரு குட்டிப் பெண் நின்றாள். வயிறு முழுசாக இருந்தது.

"உன்ன ராவ மனசு வரலம்மா. அதான் வெளிய நிக்க வெச்சேன்."

"வெயில்லயா?"

"மரம் வெச்சிருக்கேன் பாரு."

வைத்திருந்தார். பச்சை நூலைக் கத்தரித்து ஒட்டிய ஒரு மரம். மகளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. சம்பந்தியம்மா பூதக்கண்ணாடியை டாக்டர் நெற்றியிலேயே திருப்பி மாட்டிவிட்டார்.

[இங்கே ஒரு விஷயம். 5ஆம் பகுதியில் மாப்பிள்ளை பேசுவார் என்று சொல்லியிருந்தேன். பேசவில்லை. இடம் போதாதபோது முதலில் அவரைத்தான் ராவினேன். அவர் வசனம், அவர் அப்பாவிடம் சின்ன வயதிலிருந்து கேட்க நினைத்த கேள்வி, எல்லாம் போயிற்று. டாக்டரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?]

8

டாக்டர் ஒரு வழி சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"மலைய மட்டும் வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடலாம். கொஞ்ச நாளைக்கு. அந்தப் பெரிய ரூம்லயே."

பெருக்கிவைத்த அறை. மகள் காலையில் சன்னலையெல்லாம் திறந்துவிட்டு வந்திருந்த அறை. அவள் கோபப்படவில்லை, சண்டை போடவில்லை. "சரி மாமா," என்றாள். "அப்போ நாங்க அந்த வேலைக்கு வர்றோம்னு சொல்லிடறோம்." மகள் கத்தியிருந்தால் சம்பந்தியம்மா சமாளித்திருப்பார். இந்த அமைதியான 'சரி'யை அவருக்குத் தெரியும், அவரே இப்படிச் சொல்லித்தான் புகுந்த வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போனவர். அந்தச் 'சரி'க்குப் பிறகு திரும்பி வந்ததில்லை.

அவர் குழிக்குள் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நாற்காலி, ஃபேன், டீ மேசை. கைகளை விரித்துத் திரும்பினார், எங்கேயும் இடிக்கவில்லை.

"ஏன் சம்பந்தி, ஓட்டற உங்களுக்கு ஏன் இவ்வளவு இடம்? பாக்கறவங்களுக்கு ஏன் சுவரு?"

"ஓட்டறவங்க நடுவுலதான் நிப்பாங்க. எங்கயும் அப்படித்தான்."

"ஏன்?"

டாக்டர் விசிலைப் பார்த்தார். விசில் டாக்டரைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் குச்சி மாதிரி இருக்கீங்க. சுவரோரமா நின்னு ஓட்டுங்க. வர்றவங்க இந்தக் குழியில நிக்கட்டும். சுத்தி ரயிலு, நடுவுல சனம். ஒரு துண்டும் குறைய வேணாம்."

"குழிக்குள்ள எப்படி வருவாங்க? பள்ளிக்கூடமே தவழ்ந்து வருமா? இந்தப் பொண்ணு தவழுமா?"

சம்பந்தியம்மா வாசலுக்கு நேரே கையைக் காட்டினார். கதவுக்கும் குழிக்கும் நடுவே மேசை இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாலமா?"

"ஒரு பக்கம் அறுத்து, மறுபக்கம் கீல் வெச்சா தூக்கி இறக்கற பாலமாயிடும். ஆள் வந்தா தூக்கணும், ரயில் வந்தா இறக்கணும். கதவ நான் வெளிப்பக்கமா திருப்பி மாட்டிடறேன்."

"பல்லுக்கு கட்டற கம்பிம்மா அது. என் கையாலயே…" வாக்கியம் முடியவில்லை. (நானும் முடித்துவைக்கப் போவதில்லை.)

9

இனி முடிவுகள். கையில் மூன்று இருக்கின்றன.

அ) டாக்டர் அறுக்கிறார். பாலம் உயர்கிறது, மருமகள் உள்ளே வருகிறாள், பெரிய அறையில் தொட்டில் ஆடுகிறது. தித்திப்பு அதிகம். இருக்கிற பல்லுக்கு ஆகாது.

ஆ) அறுக்கவில்லை. சின்னஞ்சிறுசுகள் பறந்துவிடுகிறார்கள். மலை வீட்டுக்குத் திரும்புகிறது. பார்வையாளர் மையத்தில் அகலமான பாதை கிடைக்கிறது, நடக்கத்தான் ஆளில்லை. இதை எழுதி எடுத்துப்போனால் வியாழக்கிழமை என் கதி என்ன?

இ) டாக்டர் டீ குடிக்கப் போனபோது சம்பந்தியம்மாவே அறுத்துவிடுகிறார். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. பாதி எழுதியும்விட்டேன்: "சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஹேக்ஸா பிளேடைக் கையில்—" அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரம்பத்தை எடுத்தார், விரலால் தொட்டுக் கூர் பார்த்தார், திருப்பி டாக்டர் கையில் கொடுத்துவிட்டார். "நான் அறுத்தா காலம் பூரா சொல்லிக் காட்டுவீங்க. அதுக்குப் பதில் எம்பொண்ணு போயே தொலையட்டும்," என்றார். போயே தொலையட்டும் என்றபோது அவர் குரல் உடைந்தது. மகள் அதைக் கவனித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததாக டாக்டர் சொன்னது இவ்வளவுதான்.

அவர் ரயிலைப் பாலத்தின்மேல் ஒருமுறை ஓடவிட்டார். இன்னொரு முறை ஓடவிட்டார். பிறகு சம்பந்தியம்மா பென்சிலால் கோடு போட்ட இடத்தில் பிளேடை வைத்தார். கை நடுங்கியது. யாரும் பொம்மை என்று சொல்லவில்லை, தானாகவே நடுங்கியது. (சொல்ல மாட்டேன் என்ற சொல்லை நானே சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பார்த்துக்கொள்கிறேன்.)

"அந்தப் பக்கம் யாராவது புடிச்சுக்கணும்," என்றார். "இல்லன்னா விழுந்து வளஞ்சுடும்."

குழியிலிருந்தவர்களுக்கு மலை குறுக்கே நின்றது. எட்டுகிற தூரத்தில் இருந்தது ஒரே ஒரு கை. கதவு நிலையில் வயிறு தட்டி நின்றவள், உள்ளே வர முடியாதவள், கையை மட்டும் நீட்டினாள். உள்ளங்கையில் பாலத்தைத் தாங்கிக்கொண்டாள்.

"மெதுவா, மாமா," என்றாள்.

இந்த இடத்தில்தான் என் வாயிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, "துப்பிக்கோங்க," என்றார் டாக்டர்.

எழுதியதையெல்லாம் இப்போது திருப்பிப் படித்துப் பார்க்கிறேன். முழுக்க என் சாமான்தான். என் பல், என் அடைப்புக்குறி, என் அபிப்பிராயம். ஒவ்வொன்றும் வந்தபோது நானும் வரட்டும் வரட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உங்களை முதல் வரியிலிருந்து கதவு நிலையிலேயே நிற்க வைத்திருக்கிறேன், ஒரு மரம்கூட வைத்துக் கொடுக்கவில்லை. ஆகவே நான் நகர்ந்துகொள்கிறேன். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டுவிட்டேன். நீங்கள் போய் நடுவில் நில்லுங்கள். வாசகராக இருப்பதில் ஒரு வசதி, நீங்கள் தவழ வேண்டியதில்லை, உங்களை யாரும் ராவவும் முடியாது.

நான் நிற்கிற இடத்திலிருந்து டாக்டரின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. சம்பந்தியம்மா கண்ணை இறுக மூடியிருக்கிறார், அவரைக் கேட்டும் பயனில்லை. கம்பிமேல் ஏதோ கரகரவென்று நகர்கிற சத்தம் கேட்கிறது. பிளேடா, இன்னொரு முறை கிளம்பிவிட்ட ரயிலா, இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் கை உங்கள் முகத்துக்கு நேரேதான் இருக்கிறது. அதில் பாரம் இறங்கியதா, இன்னும் இல்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.